நட்சத்திர மீன் சொந்தமாம், கணவாய் அந்நியமாம்

நீரோடிக்காரன்:
மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், எல்லை தாண்டிப் பாறசாலையில் டியூஷன். நேற்று வந்து சொல்கிறாள், நட்சத்திர மீனும் கடல் அட்டையும் நமக்குக் கிட்டத்துச் சொந்தமாம், கணவாயும் இறாலும் தூரத்துச் சொந்தமாம். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவன் நான். வலையில் வந்த கணவாய் நம் முகத்தைப் பார்க்கும், கையை நீட்டினால் நிறம் மாறும், மை அடிக்கும். நட்சத்திர மீனுக்குத் தலையே இல்லை, வலையிலிருந்து பிய்த்து எறிவது ஒரு தண்ட வேலை. என்னடி காரணம் என்றால், கருவில் முதலில் விழுகிற ஓட்டை கணவாய் கூட்டத்துக்கு வாயாகுமாம், நட்சத்திர மீனுக்கும் நமக்கும் குண்டியாகுமாம், வாய் அப்புறம்தான் திறக்குமாம். நம் கூட்டத்துக்கு டியூட்டிரோஸ்டோம் என்று பெயராம். குண்டியை வைத்தா சொந்தம் பார்ப்பது?

பாறசாலை டீச்சர்:
தம்பி, உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நானாகக்கூட இருக்கலாம், அதனால் நானே பதில் சொல்கிறேன். டியூட்டிரோஸ்டோம் என்பது 1908ல் குரோபென் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர், இரண்டாவதாக வந்த வாய் என்று அர்த்தம். உங்கள் வாதம் புதிதில்லை. 1830ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதே கணவாயை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. முதுகெலும்புள்ள பிராணியைப் பின்பக்கமாக வளைத்து மடித்தால் கணவாய் மாதிரி வரும் என்று இரண்டு பேர் எழுத, பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட் இலேர் அதைத் தூக்கிப் பிடித்தார், அவருடைய சகா குவியே கிழித்துப் போட்டார். கண்ணைப் பார்த்து நீங்கள் ஏமாறுகிறீர்கள். நம் விழித்திரை மூளையிலிருந்து முளைப்பது, கணவாயின் கண்ணோ தோல் உள்ளே மடிந்து உண்டாவது. நமக்கு நரம்பு விழித்திரைக்கு முன்னால் ஓடி ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகிறது, அந்த இடத்தில் பார்வை கிடையாது. கணவாய்க்கு நரம்பு பின்னாலிருந்தே கிளம்புவதால் அந்தக் குருட்டுப் புள்ளியே இல்லை.

இன்னொன்று. வீட்டில் இறால் உரிக்கும்போது பாருங்கள், முதுகில் ஓடும் கறுப்பு நூல் குடல், நரம்பு வயிற்றுப் பக்கம். மீனில் நேர் எதிர். ஜெஃப்ராய் 1822லேயே சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டு, இப்போது நம் அமைப்பு மாதிரி இருக்கிறதே என்றார், கேலிதான் மிச்சம். 1996ல் டி ராபர்ட்டிஸ், சசாய் என்ற உயிரியலாளர்கள் எழுதினார்கள்: ஈயில் முதுகையும் வயிற்றையும் பிரிக்கும் அதே ஜீன்கள்தான் தவளையிலும் இருக்கின்றன, இடம் மட்டும் தலைகீழ்.

வாளையார்:
டீச்சர், கோபிக்கக்கூடாது, அந்த இறால் கதை உங்களுக்கே எதிராகத்தான் போகிறது. ஒரே ஜீன்கள் என்றால் இறாலும் நாமும் சொந்தம் என்றல்லவா ஆகிறது? தலைகீழானது முதுகில் தண்டு போல் நாண் உள்ள முதுகுநாணிகள், அதாவது நாமும் மீனும் தவளையும் சேர்ந்த கூட்டம் மட்டும், நட்சத்திர மீனை அதில் சேர்க்கவே முடியாது. ஓட்டைக் கணக்கும் அப்படித்தான். பிரியாபுலிட் என்ற கடலடிப் புழு இறால் கூட்டத்துக்குப் பக்கத்தில் வருவது, ஆனால் அதற்கும் முதல் ஓட்டை ஆசனவாய்ப் பக்கம்தான் என்று 2012ல் காட்டிவிட்டார்கள். மனிதக் கருவில் அப்படித் தெளிவான ஓட்டையே விழுவதில்லை, ஒரு கோடுதான். இதையெல்லாம் சொல்லாமல் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

பாறசாலை டீச்சர்:
சரி, இறால் விஷயத்தில் தோற்றேன், ஓட்டையும் தனியாக நிற்காது. ஆனால் செவுள் துளைகளை என்ன செய்வீர்கள்? ராமேஸ்வரத்துப் பக்கம் குருசடைத் தீவின் மணலில் பலானோகிளாசஸ் என்ற புழு வளை தோண்டி வாழ்கிறது, அரைநாணி என்ற வகை, டியூட்டிரோஸ்டோம் கூட்டத்தில் நட்சத்திர மீனுக்குப் பக்கத்தில் வருவது. தலை கிடையாது, தொட்டால் அறுந்து போகும், ஆனால் தொண்டையில் வரிசையாகத் துளைகள். அந்தத் தீவில் இருக்கும் இனங்களில் ஒன்றின் மரபணுத் தொகுதி 2015ல் வெளியானது. நம் கருவில் தொண்டைப் பைகளை உண்டாக்கும் ஜீன்கள் எப்படி அடுத்தடுத்து வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவோ அப்படியே அதிலும் இருக்கின்றன. நமக்கு அந்த முதல் பைதான் காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் போகும் குழாயாகிறது, மலை ஏறும்போது அடைத்துக்கொள்ளுமே, அது. நட்சத்திர மீன் கூட்டத்தில் துளைகள் போய்விட்டன, ஜீன் வரிசை மிச்சமிருக்கிறது.

தம்பிக்கு ஒன்று. குளச்சல் பக்கம் சிப்பி எடுக்கிறவர்களைக் கேளுங்கள், பாறையில் ஒட்டியிருக்கும் வழுவழுத்த பை, அழுத்தினால் தண்ணீர் பீச்சும், அசிடியன் என்ற பிராணி அது. கண் இல்லை, முகம் இல்லை. ஆனால் அதன் குஞ்சு வாலும் முதுகுநாணுமாகத் தலைப்பிரட்டை போல் நீந்தும், அப்புறம் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாலைத் தின்று தீர்த்துவிடும். 1866லேயே கோவலெவ்ஸ்கி என்ற ரஷ்ய விலங்கியலாளர் கண்டுபிடித்தது. 2006ல் ஜீன்களை ஒப்பிட்டபோது முதுகெலும்பிகளுக்கு ஆக நெருங்கிய சொந்தம் மீன் சாயலுள்ள ஆம்பியாக்சஸ் இல்லை, இந்தப் பைதான் என்று வந்தது. முகம் பார்த்துச் சொந்தம் சொல்கிறவர்களுக்கு இது போதும்.

வாளையார்:
பை சங்கதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021ல் கப்லி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஜீன்களை ஒப்பிட்டுப் போட்ட கணக்கைப் பாருங்கள். உறவு மரத்தில் டியூட்டிரோஸ்டோம் என்ற கிளையே ரொம்பக் குட்டை, சில கணக்கு முறைகளில் அது காணாமலே போகிறது. போனால் முதுகுநாணிகள் கணவாய், இறால் பக்கம் போய்ச் சேரவும் இடமிருக்கிறது.

நீரோடிக்காரன்:
அப்படிச் சொல்லுங்க அண்ணே! நான் சொன்னதும் அதுதானே.

பாறசாலை டீச்சர்:
அவசரப்படாதீர்கள் தம்பி, சேர்ந்துவிட்டது என்று அவர்களும் சொல்லவில்லை, பழைய முடிவுக்கு இப்போதைய சான்று போதாது என்றார்கள், அவ்வளவே. உங்கள் பேச்சுப்படியே வைத்துக்கொண்டால் செவுள் துளை எல்லாருக்கும் பொதுவான மூதாதைக்கே இருந்ததாகிவிடும், கணவாய் அதைத் தொலைத்த கூட்டம். பரீட்சையில் பாடத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், மார்க்கு போய்விடும்.

நீரோடிக்காரன்:
மார்க்குக்காக எழுதுவாள் டீச்சர். நான் நட்சத்திர மீனைப் பிய்த்து எறியத்தான் போகிறேன்.