டயானா பரிசு: பெட்டையா, நாகா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கலைச்சொற் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். விளையாட்டுக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக ஜெர்மனியின் ‘டயானா பரிசு’ என்னும் குதிரைப் பந்தயத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை படி அச்சுக்குப் போகிறது. வரலாற்றில் எனக்கு இடர்ப்பாடு இல்லை. 1857இல் பெர்லினின் டெம்பல்ஹோஃப் திடலில் தொடங்கிய இப்பந்தயம், 1868இல் ஹோப்பகார்ட்டன் திடல் திறக்கப்பட்டபின் அங்கே இடம் மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹோப்பகார்ட்டன் சோவியத் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டதால் மேற்கே மூல்ஹைம் நகருக்கு வந்து, நெடுங்காலம் அங்கே நடந்தது. 2006 முதல் டுசல்டோர்ஃப் நகரில் 2,200 மீட்டர் தொலைவுக்கு நடக்கிறது.

இடர் எல்லாம் முதல் வரியில்தான். ‘மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கான பந்தயம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனால், என் கையிலுள்ள ஆங்கிலக் குறிப்பு ‘ஃபில்லி’, ‘மேர்’ என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு என்னை மறிக்கிறது. முன்னது இளையது, பின்னது முதிர்ந்தது. ‘இளம் பெண்குதிரை’, ‘முதிர்ந்த பெண்குதிரை’ என்று ஒவ்வொரு பத்தியிலும் எழுதினால் கட்டுரை மூச்சு வாங்குகிறது. இவ்விரண்டுக்கும் ஒவ்வொரு சொல் வேண்டும். மேலும், வேலி முதலிய தடைகளைத் தாண்டாமல் ஓடும் பந்தயத்துக்கு வரைவில் ‘தட்டைப் பந்தயம்’ என்று எழுதியிருக்கிறேன். எனக்கே நாணமாக இருக்கிறது. பெரியோர் வழிகாட்ட வேண்டும்.

புலவர் எழுதியது:

அன்புள்ள மொழிபெயர்ப்பாளருக்கு,

நம்மிடம் இருக்கும் சொல்லைத் தேடாமல் புதிதாக ஆக்கப் புறப்படுவது தேவையற்ற உழைப்பு. தொல்காப்பியர் மரபியலில் பெண்பாற் பெயர்களை அடுக்கும்போது ‘பேடையும் பெடையும் பெட்டையும் பெண்ணும் மூடும் நாகும்’ என்று தொடங்குகிறார். இவற்றுள் ‘நாகு’ என்பதே இளமையும் பெண்மையும் ஒருங்கே அமைந்த சொல். புறநானூற்று 266ஆம் பாட்டில் நத்தையின் ஏற்றை, அதாவது ஆண், ‘நாகு இள வளையொடு பகல்மணம் புகூஉம்’ என வருவதை அனைவரும் அறிவோம். ஆகவே ஃபில்லி என்பது ‘குதிரை நாகு’, சுருங்கச் சொன்னால் ‘பரிநாகு’. நகுதல், அதாவது மலர்தல் என்னும் வேரிலிருந்து, புதிதாக மலர்ந்தது என்ற பொருளில் நாகு பிறந்தது என்பது என் நெடுநாளைய கருத்து; முளைக்கும் பருவத்தைக் குறிக்கும் வேறு பல சொற்களையும் இவ்வேரோடு இணைத்துத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

மேர் என்பதற்கு ‘வடவை’ இருக்கிறது. வடவைத்தீ என்று கடலடி நெருப்பைச் சொல்கிறோமே, அது பெண்குதிரை முகத்தீ. வடபுலத்திலிருந்து வந்த விலங்காதலால் வடவை.

பந்தயத்தின் பெயரையும் ஏன் அப்படியே விட வேண்டும்? டயானா உரோமானியரின் வேட்டைத் தெய்வம், மணம் புரியாத கன்னி. நமக்கு அத்தெய்வம் கொற்றவை. ‘கொற்றவைப் பரிசு’ என்று எழுதுங்கள்.

செய்தியாளர் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். விளையாட்டுச் செய்தி எழுதியே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கிண்டிப் பந்தயத் திடலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிலிருந்து பணம் கட்டுபவர் வரை எல்லோரும் ‘ஃபில்லி’ என்றுதான் சொல்கிறார்கள். அச்சொல்லை ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன் அதை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதோ: ‘1940இல் ஷ்வார்ட்ஸ்கோல்ட் என்னும் பரிநாகு டயானா பரிசை வென்றதோடு, ஹாம்பர்க்கில் நடந்த ஜெர்மன் டெர்பியில் எஞ்சிய குதிரைகளைப் பத்துக் குதிரை நீளம் பின்தள்ளி வென்றது.’ இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர், ஹாம்பர்க்கில் எருமையை ஓடவிட்டார்கள் போலும் என்று எண்ணிக்கொள்வார்.

கொற்றவையைப் பற்றி ஒன்றே ஒன்று. பந்தயத்தின் பெயர் முகவரி போன்றது. அதை மொழிபெயர்த்தால் தேடுகிறவருக்கு வீடு கிடைக்காது. பிரான்சில் சாந்தியியில் 1843 முதல் நடந்துவரும் மூத்த பந்தயமும் டயானா பெயரைக் கொண்டதே. அதையும் கொற்றவை என்பீர்களா, அதற்கு வேறொரு தெய்வத்தை அழைப்பீர்களா?

வடவை வடக்கிலிருந்து வந்தது என்பதைப் பட்டினப்பாலை ஒப்பாது. அங்கே ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்று குதிரை கப்பலில் அல்லவா வந்து இறங்குகிறது. வடவா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்தான் அது. தனித்தமிழ்ப் பற்றுள்ள தாங்கள் அதைப் பரிந்துரைத்தது எனக்கு வியப்பே.

கால்நடை மருத்துவர் எழுதியது:

சொல்லைப் பற்றிப் பேசுமுன் பொருளின் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். பந்தய வழக்கில் ஃபில்லிக்கும் மேருக்கும் உள்ள வேறுபாடு வயது மட்டுமே. நான்கு வயது வரை முன்னது, ஐந்திலிருந்து பின்னது. வடகோளத்தில் எந்த மாதத்தில் பிறந்த குதிரைக்கும் சனவரி முதல் நாளில் வயது ஒன்று கூடும். ஆகவே ஒரே குதிரை டிசம்பர் 31இல் ஃபில்லியாக உறங்கி மறுநாள் மேராக விழிக்கும்.

சிற்றூர்களில் ‘நாகு’ என்றாலும் ‘கிடேரி’ என்றாலும், இன்னும் ஈனாத மாடு என்றே பொருள் கொள்கிறார்கள். ஈன்றதா இல்லையா என்பதைப் பந்தய விதி ஃபில்லியின் இலக்கணமாகக் கொள்வதில்லை. ஆறு வயது வரை ஓடிக்கொண்டிருக்கும், கன்றே ஈனாத குதிரையும் மேர்தான். ஆகவே நாகு என்றால் பொருள் பிறழ்கிறது. என் ஆட்சேபம் இலக்கணம் பற்றியதன்று, அளவை பற்றியது.

ஏன் இந்த அளவுக்குப் பெண்பாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றால், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் பந்தயத்தில் எடைச் சலுகை உண்டு. ஜெர்மன் டெர்பியில் ஆண்குதிரை 58 கிலோ சுமந்தால் பெண்குதிரை 56.5 கிலோ சுமக்கும். டயானாவில் எல்லாமே பெண் என்பதால் அந்தக் கணக்கு எழுவதில்லை. பால் சொல் இங்கே அழகுக்கன்று, விதிக்காக.

யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? ‘பெட்டை’ இருக்கிறதே. புலவர் ஐயா காட்டிய அதே மரபியல், ‘ஒட்டகம் குதிரை கழுதை மரைஇவை பெட்டை என்னும் பெயர்க்கொடைக்கு உரிய’ என்று குதிரையைப் பெயர் சொல்லியே ஒதுக்கித் தந்திருக்கிறது. நாகு என்பதை எருமைக்கும் மரைக்கும் பெற்றம் என்னும் மாட்டுக்கும், நீர்வாழ்வனவற்றில் நந்து என்னும் நத்தைக்கும்தான் அந்நூல் தருகிறது. தாங்கள் மேற்கோள் காட்டிய புறப்பாட்டிலும் நாகு நந்தினத்துக்கே வந்திருக்கிறது.

தமிழகத்து நண்பர்கள் சிலர் ‘பெட்டை’ என்றவுடன் முகம் சுளிப்பதை அறிவேன். கோழிக்கும் நாய்க்கும் வழங்கி, ஏச்சுச் சொல்லாகவும் திரிந்து விட்டதாம். எங்கள் பக்கம் பெடியனும் பெட்டையும் வீட்டுப் பிள்ளைகள்தான். அதில் இழிவு ஏதும் இல்லை. ஒரு சொல்லை ஏசப் பயன்படுத்திக் கெடுத்துவிட்டு, கெட்டுவிட்டது என்று அதையே விலக்கி வைத்தால் இருக்கும் சொல் எல்லாம் தீர்ந்துபோகும்.

ஜெர்மனியில் வாழும் உறுப்பினர் எழுதியது:

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கேள்வி. தாங்கள் ஜெர்மன் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். இடர்ப்படுவது ஆங்கிலச் சொற்களோடு. இங்கே ‘ஷ்டூட்டெ’ என்ற ஒரே சொல்தான் எல்லா வயதுப் பெண்குதிரைக்கும். டயானா பரிசின் விதி ‘மூன்று வயது ஷ்டூட்டெக்கள்’ என்றே எழுதப்படும். ஹாம்பர்க்கில் 1,600 மீட்டருக்கு நடக்கும் பெண்குதிரைப் பந்தயம் மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு. ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டிய இடம் அது, ஜெர்மனில் அப்போதும் ஒன்றே. வயதை எண் சொல்கிறது, பாலைப் பெயர் சொல்கிறது. ‘மூன்று வயதுப் பெட்டை’, ‘மூன்றும் அதற்கு மேலும் வயதுள்ள பெட்டை’ என்று எழுதினால் மூலத்துக்கு அதைவிட நெருங்க முடியாது.

கட்டுரையில் சேர்க்கத் தக்க ஒன்றும் சொல்ல விரும்புகிறேன். இங்கே பந்தயக் குதிரைக்குப் பெயரிடும்போது தாயின் பெயரிலுள்ள முதல் எழுத்தைக் கொண்டே இடும் மரபு உண்டு. ஷ்வார்ட்ஸ்கோல்டின் தாய் ஷ்வார்ட்ஸே குட்டெ. தோல்வியே காணாமல் 1936இல் டயானாவையும் டெர்பியையும் வென்ற நெரைடேயின் தாய் நெல்லா டா குப்பியோ. 2012இல் வென்ற சலோமினாவின் தாய் சல்டென்டிகரின். பெயரைக் கேட்டதும் எந்தத் தாய்வழி என்று வளர்ப்பாளர் ஊகித்துவிடுவார். சலோமினா பின்னர் ஜப்பான் சென்று, 2019இல் அங்கே இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பெரும் பந்தயத்தை வென்ற சாலியோசை ஈன்றது. டயானாவை வெல்லும் குதிரையைப் பரிசுத் தொகைக்காக மட்டும் யாரும் கணக்கிடுவதில்லை; அதன் வயிற்றில் பிறக்கப்போவதைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். எனவே ‘தாய்க்குதிரை’ என்பதைத் தனிக் கலைச்சொல்லாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஓடுகிற குதிரைக்குப் பெட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பெட்டைகளுக்கான ஓக்ஸ் 1779இல் தொடங்க, இருபாலும் ஓடும் டெர்பி 1780இல் வந்தது. ஜெர்மனியில் டயானா 1857, டெர்பி 1869. இரு நாட்டிலும் பெட்டைகளின் பந்தயமே முந்தியது.

செய்தியாளர் எழுதியது:

பிரான்சில் அப்படியன்று. அங்கே டெர்பிக்கு ஒப்பான பந்தயம் 1836, டயானா 1843. பொதுவிதியாக எழுதிவிடாதீர்கள். மற்றபடி ‘பெட்டை’க்கு நானும் உடன்படுகிறேன், அரைமனத்தோடு. நாளிதழில் தலைப்பாக ‘டயானா பரிசு: பெட்டை வென்றது’ என்று போட எந்த ஆசிரியர் துணிவார் என்று தெரியவில்லை. ‘பெட்டைக்குதிரை’ என்று முழுமையாக எழுதினால் இழுக்கு வராது.

‘தட்டைப் பந்தயம்’ பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. தட்டையாக இருப்பது என்ன, குதிரையா? ‘சமதளப் பந்தயம்’ என்று நாங்கள் முன்பு எழுதியதுண்டு.

ஜெர்மனியில் வாழும் உறுப்பினர் எழுதியது:

அதுவும் பொருந்தாது. டுசல்டோர்ஃபின் திடல் கிராஃபன்பெர்க் காட்டோரம் மேட்டிலும் சரிவிலுமாகக் கிடக்கிறது; அங்கே கடைசித் திருப்பம் வரை ஏறி இறங்கி ஓடிய குதிரையிடம் போய்ச் சமதளம் என்று சொல்லிப் பாருங்கள். ஓக்ஸ் நடக்கும் எப்சமும் அப்படியே. தளத்தைச் சொல்லாமல் தடையைச் சொல்லுங்கள்: ‘தடையிலாப் பந்தயம்’. இங்கே வண்டி பூட்டிய குதிரைகள் பெருநடையில் ஓடும் பந்தயமும் தனியாக இருப்பதால், ‘தடையிலாப் பாய்ச்சல் பந்தயம்’ என்றால் இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டும். நாலுகால் பாய்ச்சல் என்று நாம் சொல்வதுதானே.

புலவர் எழுதியது:

‘தடையிலா’ என்றால் தடங்கலின்றி இனிதே நடந்தேறிய பந்தயம் என்றல்லவா பொருள்படுகிறது. ‘தாண்டாப் பந்தயம்’ என்பதே செறிவானது. அதை ஒருவரும் ஏற்க மாட்டீர்கள் என்பதையும் அறிவேன்.

பெட்டை பற்றி: நூற்பா எனக்கு மறந்துவிடவில்லை. குதிரையின் பெண்ணுக்குப் பெட்டை உரியது, மறுக்கவில்லை. இளமைக்கு ‘கன்று’ உரியது, ‘யானையும் குதிரையும் கழுதையும்’ என்று தொடங்கும் நூற்பாவின்படி. இளமையும் பெண்மையும் சேர்ந்த இடத்துக்கு மரபியல் குதிரைக்குச் சொல் தரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நான் நாகை வைத்தேன். மரபில் இல்லாததை மரபின் சொல்லால் நிரப்புவதே கலைச்சொல்லாக்கம். இருப்பதை எடுத்துக்கொள்வதற்குக் குழு எதற்கு?

மருத்துவர் ‘அளவை’ என்றார். நாலு வயதில் எல்லை வைத்தது இயற்கையா? பந்தயம் நடத்துவோர் வைத்தது. அவர்கள் ஓர் எல்லை வைக்கலாம் எனில், நாகு என்ற சொல்லுக்கு நாம் ஓர் எல்லை வைக்கலாகாதா?

கால்நடை மருத்துவர் எழுதியது:

வைக்கலாம் ஐயா. ஆனால் ‘கன்று’ என்றால் பாலூட்டும் பருவம் என்றே மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். மூன்று வயதுக் குதிரை முதுகில் ஆளைச் சுமந்து 2,200 மீட்டர் ஓடுகிறது. நாகும் கன்றும் அந்தக் காட்சியோடு ஒட்டவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் இவ்வாறு அனுப்புகிறேன். முதல் வரி: ‘டயானா பரிசு என்பது மூன்று வயதுப் பெட்டைக்குதிரைகளுக்கான தடையிலாப் பாய்ச்சல் பந்தயம்.’ அடுத்தடுத்த இடங்களில் ‘பெட்டை’ மட்டும். ஆங்கிலப் பந்தயங்களோடு ஒப்பிடும் ஒரே பத்தியில் ‘இளம்பெட்டை’, ‘முதுபெட்டை’ என்று வயதெல்லையோடு ஒருமுறை விளக்கிவிடுகிறேன். இனப்பெருக்கத்துக்கு விடப்பட்டதற்குத் ‘தாய்க்குதிரை’. பந்தயத்தின் பெயரில் டயானாவே இருக்கட்டும். ‘பாய்ச்சல் பந்தயம்’ என்பதில் லகர ஒற்று றகரமாகத் திரிய வேண்டாமா என்று அச்சகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். எனவே ‘பாய்ச்சற்பந்தயம்’ ஆகவும் கூடும்.

செய்தியாளர் எழுதியது:

‘பாய்ச்சற்பந்தயம்’ வேண்டவே வேண்டாம். வாயில் நுழையாது.

யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது:

‘முதுபெட்டை’யையும் நீக்கிவிடலாம். ஐந்து வயதில் என்ன முதுமை?

புலவர் எழுதியது:

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை. நான் எழுதும் இடங்களில் நாகு என்றே எழுதுவேன். அடைப்புக்குள் பெட்டை என்று விளக்கவும் மாட்டேன்.

வழக்கு வழக்கு என்று என்னை மடக்கியவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். அதே மரபியல், ‘குதிரையுள் ஆணினைச் சேவல் என்றலும்’ வழக்கில் உண்மையால் ‘கடியல் ஆகா’ என்கிறது. அடுத்த கட்டுரை ஷ்லெண்டர்ஹான் பண்ணையைப் பற்றியது என்று கேள்விப்பட்டேன். 1869இல் தொடங்கி ஷ்வார்ட்ஸ்கோல்டை வளர்த்த அந்தப் பண்ணையின் பொலிகுதிரைகளைச் ‘சேவல்’ என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்கு மனம் வருமா? வராது எனில், பெட்டைக்கு மட்டும் தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தது எந்த நீதி?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, ‘பொலிகுதிரை’ என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். அதை எடுத்துக்கொள்கிறேன்.