டி.என்.ஏ. எஜமானா? சிக்கிள் செல்லை வைத்து ஒரு வாதம்

நிரலன்:

அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போன வாரம் உட்கார்ந்தேன். மூலக்கூறு மரபியல் பாடம். அவள் தூங்கப் போன பிறகும் நான் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

நம் ஒரு செட் குரோமோசோமில் சுமார் 320 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்று நான்கே வகை. 11-வது குரோமோசோமில், ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு இருக்கிறது. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு. அதில் ஆறாவது மூன்றெழுத்து ஜி-ஏ-ஜி. நடுவில் உள்ள ஏ போய் டி வந்தால் ஜி-டி-ஜி. அவ்வளவுதான் மாற்றம். குளூட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காருகிறது. 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று. அதற்கே சிவப்பணு கதிர் அரிவாள் போல வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாயை அடைத்து, ஆளை வலியில் சுருட்டிப் போடுகிறது. இதுதான் சிக்கிள் செல் நோய்.

என் கட்சி இதுதான்: செல்லுக்குள் டி.என்.ஏ. எஜமான், ஆர்.என்.ஏ. தூதன், புரதம் வேலையாள். அங்கே எழுதியிருப்பதுதான் நடக்கும். தலையெழுத்து என்று நம் ஆட்கள் சொன்னது இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

விலங்கியல் வாத்தியார்:

தம்பி, 31 வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். ஆர்வத்தோடு படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் எஜமான் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

வருடா வருடம் வகுப்பில் ஒன்று செய்வேன். சின்ன வெங்காயத்தை நசுக்கி, உப்பும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டுவோம். குளிரவைத்த ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றினால் இரண்டு நீர்மமும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் நூலாக மிதந்து வரும். அதுதான் டி.என்.ஏ. குச்சியில் சுற்றி எடுத்து, ஸ்பிரிட் உள்ள சின்ன பாட்டிலில் போட்டு மூடி ஆய்வக அலமாரியில் வைப்பேன். அடுத்த வருடம் வரும் பிள்ளைகளிடம் அதே பாட்டிலைக் காட்டுவேன். வெங்காயத்துக்கான மொத்த எழுத்தும் உள்ளே இருக்கிறது. ஒரு வருடத்தில் அது என்ன செய்தது? ஒன்றும் இல்லை.

அதைப் பிரித்துப் படித்து ஆர்.என்.ஏ.வாகப் பெயர்க்க ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வேண்டும். அது புரதம். அடுத்த தலைமுறைச் செல்லுக்கு நகலெடுக்க டி.என்.ஏ. பாலிமரேஸ் வேண்டும். அதுவும் புரதம். உங்கள் பீட்டா மரபணுவின் நடுவில் இரண்டு இடைத்துண்டுகள் உள்ளன. ஆர்.என்.ஏ. நகலிலிருந்து அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டவும் ஒரு பெரிய கூட்டுப்பொறி தேவை.

இன்னொன்று. நீங்கள் சொன்ன ஆறாவது மூன்றெழுத்தை மரபணுவின் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏழாவதாக வரும். முதலில் நிற்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைப் பிறகு ஒரு நொதி வெட்டிவிடுவதால்தான் அதை ஆறு என்று எழுதுவது வழக்கமானது.

கடைசியாக, நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. டி.என்.ஏ. இல்லை, கொஞ்ச நாளில் புரதம் கோக்கும் பொறியான ரைபோசோமும் இல்லை. ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளோடு 120 நாள் உடம்பைச் சுற்றி ஆக்சிஜன் சுமக்கிறது. எஜமான் போன பிறகும் நான்கு மாதம் வேலை நடக்கிறதே, எப்படி?

நிரலன்:

சார், பாட்டில் உதாரணம் அருமை. ஆனால் பாலிமரேஸ் புரதம் என்கிறீர்களே, அந்தப் புரதத்துக்கான எழுத்து எங்கே இருக்கிறது? டி.என்.ஏ.வில்தானே? 27 கோடி ஹீமோகுளோபினும் உட்கரு இருந்த காலத்தில் எழுதி வாங்கிய ஆர்.என்.ஏ.விலிருந்து வந்ததுதான். ஆள் இறந்த பிறகும் உயில் செல்லுபடியாகிறதே, அது போல.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பாதை ஒருவழிப் பாதை. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1958-லேயே சொல்லிவிட்டார்: புரதத்துக்குள் போன வரிசைத் தகவல் திரும்பி வராது. வாலின் வந்து உட்கார்ந்த சங்கிலி தன்னைப் பற்றி டி.என்.ஏ.வுக்கு எழுதி அனுப்ப முடியாது. பிள்ளைக்குப் போவது எழுத்துதான், புரதம் அல்ல.

2010-ல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டர் குழு செய்ததையும் பாருங்கள். ஒரு மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதையும், 10.8 லட்சம் எழுத்துகள், வேதியியல் முறையில் கோத்தார்கள். அதை வேறொரு மைக்கோபிளாஸ்மா இனத்தின் செல்லுக்குள் வைத்தார்கள். அந்தச் செல் பெருகப் பெருக முதல் இனமாகவே மாறிவிட்டது. பழைய புரதமெல்லாம் போய்ப் புது எழுத்துக்கு ஏற்ற புரதம். யார் எஜமான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மடிப்பு:

புரத மடிப்பில் ஆய்வு மாணவி நான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் திருத்துகிறேன்.

வென்டர் சோதனையில் நிரலன் அண்ணா கடந்துபோன பாதி, அந்த வேறொரு இனத்தின் செல். அது உயிரோடு, தன் ரைபோசோம்களோடும் சவ்வோடும் இருந்ததால்தான் புது எழுத்தைப் படிக்க ஆள் இருந்தது. அதே 10.8 லட்சம் எழுத்தை வெறும் தண்ணீரில் போட்டிருந்தால் வாத்தியார் சாரின் பாட்டில்தான். செல்லிலிருந்துதான் செல் வருகிறது. அம்மாவின் கருமுட்டை நமக்கு டி.என்.ஏ.வை மட்டும் தரவில்லை. படிக்கும் பொறிகளையும் சேர்த்தே தந்தது.

ஆனால் ஓர் இடத்தில் அண்ணா பக்கம் வலுவானது. கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ஒரு சிறிய நொதியின் மடிப்பைக் குலைத்துவிட்டு, குலைத்த வேதிப்பொருளை நீக்கிப் பார்த்தார். அது தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்து மறுபடி வேலை செய்தது. வடிவத்துக்கான தகவல் வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். எந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு போட்ட வரைபடத்தை இன்றும் தினம் திறந்து பார்க்கிறேன். புதிதாகக் கண்டுபிடித்த புரத வடிவம் சரியா என்று உலகம் முழுக்க அதில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

ஆனாலும் செல்லுக்குள் நெரிசல் அதிகம். பாதி மடிந்த சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத் துணைப்புரதங்கள் கூடவே இருக்கின்றன.

அப்புறம், இருவரும் ஆர்.என்.ஏ.வை வெறும் தூதனாக வைத்துப் பேசுகிறீர்கள். ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் அந்த மையமே ஆர்.என்.ஏ.வால் ஆனது. அமினோ அமிலத்தைச் சுமந்து வருவதும் ஒரு சிறிய ஆர்.என்.ஏ. அது மூன்றெழுத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று ரைபோசோமின் இரண்டு பாகங்களில் சிறியதான துணையலகில் தொட்டுப் பார்ப்பதும் ஆர்.என்.ஏ.தான். அந்தச் சிறிய துணையலகின் வடிவத்தைக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர்.

கூடலூர் செவிலி:

எல்லாவற்றையும் படித்தேன். நீலகிரியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் புத்தகத்தில் பார்த்த சிக்கிள் செல்லை நான் நேரில் பார்க்கிறேன். இந்தியாவில் இது இருப்பதை 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் முதலில் கண்டதே எங்கள் மலை மக்களிடம்தான்.

நிரலன் தம்பி, அந்தத் தலையெழுத்து என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் அந்த எழுத்து மாறியிருக்கிறது. ஒரே அம்மா அப்பா. தம்பி வருடத்துக்கு மூன்று நான்கு முறை வலியோடு வருவான். அக்கா தேயிலை பறிக்கப் போகிறாள். அவளுக்கு இருப்பதே தம்பிக்குப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிந்தது. எழுத்து ஒன்றுதான், இரண்டு பேர் வாழ்க்கையும் ஒன்றா?

இந்த நோய் உள்ள குழந்தைகள் முதல் ஐந்தாறு மாதம் நன்றாகவே இருப்பார்கள். மாறிய எழுத்து கரு உருவான அன்றே இருக்கிறது. ஆனால் வயிற்றில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறு சங்கிலியை வைத்துக் கரு ஹீமோகுளோபின் உருவாகிறது. பிறந்த பிறகு அது மெல்லக் குறைந்து பீட்டா ஏறும்போதுதான் முதல் வலி வரும். பிஞ்சுக் கை விரல்கள் வீங்கி, குழந்தை பால் குடிக்காமல் அழும். அம்மாக்கள் ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்துத் தூக்கி வருவார்கள்.

கரு ஹீமோகுளோபின் பெரியவர்களானாலும் சிலருக்குக் கூடுதலாகவே நிற்கும். நம் நாட்டிலும் அரபு நாடுகளிலும் அந்த மாறிய எழுத்தைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. வரிசை ஆப்பிரிக்காவில் இருப்பதிலிருந்து வேறுபட்டது. அதனால் இங்கே பலருக்கு அது அதிகம். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கொடுப்பதும் அதைக் கூட்டத்தான். மாத்திரை எந்த எழுத்தையும் தொடுவதில்லை.

இன்னும் சாதாரண விஷயங்கள் இருக்கின்றன. தண்ணீர் குறைவாகக் குடித்து உடம்பு வற்றினால் செல்லுக்குள் ஹீமோகுளோபின் நெருங்கிவிடும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட மூலக்கூறுகளில் ஒன்றின் வாலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் போய் ஒட்டும். ஒன்றோடு ஒன்று கயிறாகத் திரிந்து செல் வளையும். நெருக்கம் கொஞ்சம் கூடினாலே வேகம் பல மடங்கு. குளிரும் காய்ச்சலும் அப்படியே. அதனால்தான் ஜூன், ஜூலை மழையில் நான் சொல்லும் முதல் மருந்து வெந்நீரும் கம்பளியும்.

அந்தத் தம்பியை ஒருமுறை கீழே ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். வலி ஊசிக்காக நடிக்கிறான் என்று சொல்லி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "விதி அப்படி, என்ன செய்வது" என்று அங்கே ஒருவர் சொன்னதாக அவன் அம்மா வந்து அழுதாள். அதனால்தான் அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

நிரலன்:

அக்கா, மன்னிக்க வேண்டும். சொல்லை யோசிக்காமல் போட்டுவிட்டேன். தலையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் டி.என்.ஏ. முதன்மை என்ற கட்சியை விடவில்லை. காமா ஏன் அணைகிறது? பி.சி.எல்.11.ஏ என்ற புரதம் அதை அடக்குகிறது. அந்தப் புரதத்துக்கும் மரபணு உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் சிக்கிள் செல்லுக்கு ஒப்புதல் தந்த காஸ்கெவி சிகிச்சையில் கிரிஸ்பர் கத்திரியால் வெட்டியது எதை? நோயாளியின் மஜ்ஜைச் செல்களில் உள்ள டி.என்.ஏ.வைத்தான். டி.என்.ஏ.வில் கை வைத்ததும் நோய் அடங்கியது.

விலங்கியல் வாத்தியார்:

எங்கே கை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜி-டி-ஜியை ஜி-ஏ-ஜியாகத் திருத்தவில்லை. அந்தப் பிழை அப்படியே கிடக்கிறது. வெட்டியது வேறொரு குரோமோசோமில், எந்தப் புரதத்துக்கும் எழுத்தாக இல்லாத ஓர் இடத்தில். ரத்தச் செல்லில் பி.சி.எல்.11.ஏவைக் கிளப்பிவிட வேறொரு புரதம் வந்து உட்காரும் இருக்கை அது. இருக்கையைக் கெடுத்ததும் அடக்குபவன் குறைந்தான், காமா மறுபடி எழுந்தது.

பிழையான எழுத்து ஒவ்வொரு செல்லிலும் இருக்க, ஆள் வலியில்லாமல் நடக்கிறார். இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். 320 கோடி எழுத்தில் புரதத்துக்கானது 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதி இப்படிப் புரதங்கள் வந்து உட்கார்ந்து, எதைப் படிப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவாகும் இடங்கள். உங்கள் கண்ணில் உள்ள செல்லிலும் கல்லீரலில் உள்ள செல்லிலும் எழுத்து ஒன்றே. வேறுபாடு முழுக்க இந்த வாசிப்பில்தான்.

நிரலன்:

இருக்கையும் எழுத்தால் ஆனதுதான் சார், அதில் நான் மாறவில்லை. ஆனால் எழுத்து என்றால் கட்டளை என்று மட்டும் நினைத்திருந்தேன். இருக்கையாகவும் இருக்கும் என்பது எனக்குப் புதிது. அண்ணன் மகளுக்கு அந்தப் பகுதியை மறுபடி நடத்த வேண்டும்.

செல்வி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சிக்கிள் செல் டிரெய்ட் என்று முகாமில் சொன்னார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். கணவருக்கு முகாமில் குழாயில் ரத்தம் கலந்து பார்த்து, இல்லை என்றார்கள். பயப்பட வேண்டுமா?

கூடலூர் செவிலி:

செல்வி, பயப்படாதே. டிரெய்ட் என்றால் ஒரு பிரதி மட்டும் மாறியிருக்கிறது. நீ நோயாளி இல்லை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு என்று 1954-லேயே ஆலிசன் என்ற ஆய்வாளர் காட்டினார். காடும் கொசுவும் இருந்த இடங்களில் இந்த எழுத்து நிலைத்ததே அதனால்தான்.

கணவருக்கும் டிரெய்ட் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. ஆனால் அந்தக் குழாய்ப் பரிசோதனை சிக்கிள் ஹீமோகுளோபினை மட்டும்தான் காட்டும். அவர் பீட்டா சங்கிலி குறைவாக உருவாகும் பீட்டா தலசீமியா என்ற மரபுக் குறையைச் சுமப்பவராக இருந்தால் அதில் தெரியாது. அதுவும் உன்னுடையதும் சேர்ந்தாலும் குழந்தைக்கு நோய் வரலாம். அதனால் அவருக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்யச் சொல். உன் அட்டையையும் கூடவே எடுத்துப் போ. அரசு மருத்துவமனையில் கேட்டால் எங்கே செய்வது என்று சொல்வார்கள். முடிவு வந்ததும் இங்கே எழுது, நான் பார்க்கிறேன்.

செல்வி:

சரி அக்கா. வியாழக்கிழமை அவருக்கு விடுப்பு. அன்றைக்கே போகிறோம்.