மலை இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை: இதே காரில் டெத் வேலிக்குள் இறங்கலாமா?

கேள்வி:
கலிபோர்னியாவில் 3,031 மீட்டர் உயரமுள்ள டயோகா கணவாயைக் கடந்து வாடகைக் காரில் லீ வைனிங் நோக்கி இறங்கும்போது, பாதி வழியிலேயே தீய்ந்த வாடை வந்தது. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டதும் பழையபடி இறுகிவிட்டது. வண்டி ஆட்டோமேட்டிக், முழு இறக்கமும் 'டி' நிலையில் வந்தோம். நாளை 395ஆம் நெடுஞ்சாலையில் லோன் பைன் சென்று, அங்கிருந்து டவுன் கணவாய் வழியாக டெத் வேலிக்குப் போக வேண்டும். இதே காரில் போகலாமா?

பதில் 1:
பரிசோதிக்காமல் போகாதீர்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேட் மட்டும் சூடேறியிருக்கிறது என்று கொள்ளலாம். பெடலே அமுங்கியது என்பதால், பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழிகள் உண்டாகியிருக்கும் என்றே சந்தேகிக்கிறேன். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். ஆறியதும் குமிழிகள் அடங்கிப் பெடல் இறுகிவிடுவதால், கோளாறு தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த இறக்கத்தில் அது திரும்பவும் வரும். வாடகை நிறுவனத்திடம் சொல்லி வண்டியை மாற்றிக் கேளுங்கள்; மறுத்தால், வழியில் பிஷப் ஊரிலாவது ஆயிலையும் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். பாலைவனம் என்றதும் எல்லோரும் சமவெளியை நினைக்கிறார்கள். இந்தப் பாதையில் பனமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி சுமார் 1,510 மீட்டர் உயரமுள்ள டவுன் கணவாய்க்கு ஏறி, பிறகு ஏறக்குறைய கடல்மட்டத்திலுள்ள ஸ்டவ்பைப் வெல்ஸ் வரை இறங்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் வெப்ப முள் உயர்ந்தால் ஏசியை அணைத்துவிடுங்கள். சூடான டயரில் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பே; அதற்காகக் காற்றை இறக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. வண்டியை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். புது வண்டியில் எந்த கியரில் இறங்குவது?

பதில் 1:
இறக்கம் தொடங்கும் முன்பே 'எல்' அல்லது கைமுறை நிலைக்கு மாற்றி, பிரேக்கைத் தொடாமலேயே வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும் கியரைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் சற்று இரைந்தால் கவலை வேண்டாம். வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். இலேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பேடை எரிக்கிறது.