ஏற்காட்டு மலைக்கு எது: 2011 ஸ்கார்பியோவா, புது நெக்ஸானா?

தோட்டத்துக்காரர்:
வீடு சேலம் செவ்வாப்பேட்டை, காப்பித் தோட்டம் ஏற்காட்டுல நாகலூர் பக்கம். 2011 ஸ்கார்பியோ (எம்ஹாக் டீசல் இன்ஜின்) ஓட்டிட்டிருக்கேன். இந்த வருஷம் ஆர்.சி.யோட 15 வருஷம் முடியுது. பையன் அதைத் தள்ளிவிட்டு நெக்ஸான் பெட்ரோல் எடுக்கலாம்கறான். என்ன சொல்றீங்க?

டீசல்வாசம்:
விக்காதீங்கண்ணா. காகிதத்துல ரெண்டும் 120 குதிரைசக்திதான். டார்க்கை, அதாவது இன்ஜினோட இழுவை பலத்தைப் பாருங்க: நெக்ஸான் பெட்ரோல் 170 நியூட்டன் மீட்டர், எம்ஹாக் அதுக்கு மேல நூறுக்கும் கூட. 20 கொண்டை ஊசிலயும் வண்டி நின்னு நின்னுதான் கிளம்பும். எதிர்ல பஸ் வந்துட்டா கேக்கவே வேண்டாம். அங்க முக்காம ஏறுறது பழசுதான். ஆர்.சி. புதுப்பிக்க 5000 ரூபாய், கூடப் பசுமை வரி. 5 வருஷத்துக்குக் கவலையில்லை.

ஃபேர்லேண்ட்ஸ்:
டார்க் கணக்குச் சொன்னவர் எடைக் கணக்கை விட்டுட்டாரே! ஸ்கார்பியோ கிட்டத்தட்ட அரை டன் கூட. சேலம் 280 மீட்டர், ஏற்காடு 1500. ஏறினது மொத்தமும் இறங்கும்போது பிரேக்குலதான் சூடாகும், எடை கூடினா சூடும் கூடும்.

டீசல்வாசம்:
பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கறவனுக்கு எந்த வண்டியும் ஆகாது. ரெண்டாவது கியர்ல விடுங்க, பாதி வேலையை இன்ஜின் பாத்துக்கும்.

ஃபேர்லேண்ட்ஸ்:
சரி, மலையை விடுங்க. தொப்பூர் கணவாய்ல லாரிகளுக்கு நடுவுல போறப்ப என்ன பண்ணுவீங்க? கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் குடுக்கற குளோபல் என்கேப் அமைப்பு 2016ல இடிச்சுப் பாத்தப்ப ஸ்கார்பியோவுக்குப் பெரியவங்க பாதுகாப்புல பூஜ்யம். நெக்ஸான் 2018லயே 5 நட்சத்திரம்.

டீசல்வாசம்:
அது ஏர்பேக் இல்லாத அடி மாடல். அதுவும் 2014க்கு அப்புறம் வந்த புது சேஸிஸ் (அடிச்சட்டம்). அண்ணன் வண்டி வேற.

ஃபேர்லேண்ட்ஸ்:
அண்ணன் வண்டியில மட்டும் ஏர்பேக் இருக்குதா? அவரே சொல்லட்டும்.

தோட்டத்துக்காரர்:
இல்லீங்க.

பட்டறை:
பழைய வண்டிய வெச்சுக்கறதுன்னா முதல்ல லிஃப்ட்ல ஏத்தி சேஸிஸ்ல துரு இருக்கான்னு பாருங்க. மலை ஈரத்துல அடியில பிடிக்கற துரு மேல நின்னு பாத்தா தெரியாது. இன்ஜின் ஓடும், அதுல எனக்குச் சந்தேகமில்லை. சரி, வண்டியில என்னதான் ஏத்தறீங்க?

தோட்டத்துக்காரர்:
பெரும்பாலும் நானும் மேஸ்திரியும். எப்பவாச்சும் உர மூட்டை. அறுவடை சமயத்துல பிக்கப் வாடகைக்குப் பேசிக்கறேன்.

ஃபேர்லேண்ட்ஸ்:
ரெண்டு பேருக்கு மூணு வரிசை சீட்டா? செவ்வாப்பேட்டைச் சந்துல அதை எப்படித்தான் திருப்பறீங்களோ! வரியையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து 4 மீட்டர், 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு 40. நெக்ஸானை 1199 சிசியில நிறுத்தினது சும்மா இல்லை.

டீசல்வாசம்:
நீளத்தை 4 மீட்டருக்குள்ள அடக்கணும்னு உள்ள இடத்தைக் குறைச்சுட்டாங்க. மழைக்காலத்துல தோட்டத்து மண் ரோட்டுல மூட்டையோட ஏறுறப்ப எடை பின்னாடி சாயும். பின்சக்கரம் இழுக்கற வண்டிக்கு அதுல பிடி கூடும். முன்சக்கரம் இழுக்கற நெக்ஸான் வழுக்கும். நாகலூர் தாண்டி ரோடு எப்படின்னு அண்ணனுக்கே தெரியும்.

பட்டறை:
இந்த ஒரு பாயின்ட் டீசல்வாசத்துக்கு. தார் ரோடு தோட்டத்து கேட் வரைக்கும் இருந்தா நெக்ஸான் எடுங்க. கடைசித் துண்டு மண் ரோடுன்னா நெக்ஸான்லயே டீசல் இருக்குது, ஆனா அதுவும் முன்சக்கரம்தான், அப்ப பழசே தேவலை.

தோட்டத்துக்காரர்:
கேட் வரைக்கும் தார்தான். உள்ள மேஸ்திரி ஜீப் இருக்குது. அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்கார்பியோவுல ஏறவே மாட்டேங்கறாங்க. அதை நான் சொல்லாம விட்டுட்டேன்.

ஃபேர்லேண்ட்ஸ்:
இதை முதல்ல சொல்லியிருக்கலாமேண்ணா!

டீசல்வாசம்:
விக்கறதா இருந்தா விலையை எனக்குத் தனியா சொல்லுங்கண்ணா.