புதுப்பிப்பு: தொண்டி முதல் தேவிபட்டினம் வரை, தனியாகப் பாய்ப்படகில்

மதுரைக்காரன், 14 அடிப் பாய்ப்படகு. தொண்டியிலிருந்து தெற்கே தனியாகப் போனால் சுக்கானில் கடற்புல் சுற்றிக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டேன்.

கரையை விட்டு விலகி ஓட்டச் சொன்னது பலிக்கவில்லை. பாக் விரிகுடா அங்கே வெகுதூரம் ஆழமே இல்லை, புல்லும் கூடவே வருகிறது. கைகொடுத்தது, சுக்கான் பலகையைக் கயிறு இழுத்துத் தூக்கும்படி மாற்றச் சொன்ன யோசனைதான். பலகை ஒற்றை ஆணியில் சுழலும்; தூக்கினால் புல் வழுக்கிப் போய்விடும். பட்டறையில் அரை நாள் வேலை.

தை மாதம், காலை 6 மணிக்குக் கிளம்பினேன். வாடைக்காற்று முதுகுப் பக்கம். மொத்தத் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். சுகமான ஓட்டம்.

எதிர்பாராதது நண்டு வலை. மிதவை வெறும் தெர்மாகோல் துண்டு. உச்சி வெயில் எதிரே அடிக்கையில் கண்ணுக்கே தெரியவில்லை. மாட்டியதை அவிழ்க்க முக்கால் மணி நேரம். அறுத்திருக்கலாம், ஆனால் அது ஒருத்தர் பிழைப்பு. அப்புறம் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத் தூண்கள் தெரிந்தபோது மணி இரண்டு.

தனியாகப் போகிறவர்கள் கடலோரக் காவல் உதவி எண் 1093-ஐ போனில் பதிந்துகொள்ளுங்கள். போனை பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டுங்கள், படகில் வைக்காதீர்கள்.