புதுப்பிப்பு: கோலாலம்பூர் அருகே கெந்திங் அவுட்லெட்டா, சிப்பாங் மிட்சுயியா?

ஊர் திரும்பும் நாளில், பிராண்டு பொருட்களைத் தள்ளுபடியில் விற்கும் அவுட்லெட் வளாகங்களில், மலைப்பகுதியில் உள்ள கெந்திங் பிரீமியம் அவுட்லெட்டுக்குப் போவதா, விமான நிலையத்துக்கு அருகே சிப்பாங்கில் உள்ள மிட்சுயி அவுட்லெட் பார்க்குக்குப் போவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "இரவு விமானம் என்றால் மலை ஏறாதீர்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மிட்சுயிக்கே போனோம். விமான நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து இருக்கிறது. பெட்டிகளை மிட்சுயியிலேயே லாக்கரில் வைத்துவிட்டோம். எதிர்பாராத விஷயம், கடைகளுக்கு நடுவே விமான நேரம் காட்டும் பலகை! அதைப் பார்த்த பிறகுதான் அம்மா பதற்றம் இல்லாமல் செருப்பு தேடினார். அப்புறம், எல்லாம் கூரைக்குள்ளேயே இருப்பதால் மழை ஒரு தொந்தரவாக இல்லை. பைகளைவிட விளையாட்டுக் காலணிகளில்தான் நல்ல விலை கிடைத்தது. கெந்திங் கடைகள் அவானா கேபிள் கார் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. மலையில் தங்குகிறவர்கள் தாராளமாக அங்கே போகலாம்.