மலையில் மூக்கு அலர்ஜியோடு இருப்பவர்களே, உங்களுக்கு எது கை கொடுத்தது?

கோத்தகிரி, ஆசிரியை:
எங்கள் வீட்டைச் சுற்றிலும் சீகை (வாட்டில்) மரங்கள். அவை மஞ்சளாகப் பூத்தால் போதும், "உன் தும்மலுக்கு இதுதான் காரணம்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். காலையில் அடுக்குத் தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, பிறகு இரண்டு மூக்கும் அடைத்துக்கொள்ளும். வகுப்பில் நின்று பாடம் நடத்துவதே பெரும்பாடு.

கோயம்புத்தூரில் தோல் பரிசோதனை செய்தார்கள். முன்கையில் அலர்ஜி தரக்கூடிய ஒவ்வொரு பொருளின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் அலர்ஜி இருக்கிறது என்று கணக்கு. அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தடிப்பு எழும்பாது. எனக்குத் தடித்தது புல் மகரந்தமும், படுக்கை, கம்பளித் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும். சீகை இனத்துக்கு வைத்த சொட்டில் ஒன்றுமே இல்லை! பளிச்சென்ற பூக்களின் மகரந்தம் கனமானது, பெரும்பாலும் பூச்சிகள் சுமந்து போவது. காற்றில் வெகுதூரம் பறப்பது புல், சைப்ரஸ் போன்றவற்றின் மகரந்தம்தான்.

டாக்டர் கொடுத்தது மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. தும்மல் வந்த பிறகு அடிக்கிற மருந்தல்ல இது. தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பெரியவர்கள் பயந்தார்கள். ஒரு தடவை அழுத்தினால் வருவது 50 மைக்ரோகிராம், ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம் என்று டாக்டரே எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர்கள் மனம் ஆறியது. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஊட்டி, வாடகை வண்டி ஓட்டுபவர்:
டீச்சர் சொல்றது சரி. எங்க அப்பா தைலம் காய்ச்சுற கொட்டகையில வேலை பார்த்தவர், எதுக்கும் நீலகிரித் தைலம்தான். முகர்ந்தா மூக்கு திறந்த மாதிரி ஒரு குளுமை தெரியும், ஆனா உள்ளே இருக்குற வீக்கம் அப்படியே இருக்கும். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து வாங்க ஆரம்பிச்சார். போட்ட நிமிஷமே மூக்கு திறக்கும், அதனால விட மனசு வரலை. அதை நாலஞ்சு நாளுக்கு மேல போட்டா, மருந்தே மூக்கை அடைக்க வைக்குமாம். ஈஎன்டி டாக்டர்தான் ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஆரம்பிச்சுக் கொடுத்து, இந்தச் சொட்டை நிறுத்த வெச்சார். நிறுத்தின புதுசுல அப்பா பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் நான். தயவுசெஞ்சு அந்தச் சொட்டைத் தொடர்ந்து போடாதீங்க.

கொடைக்கானல், ஒரு அம்மா:
என் பையனுக்கு மூக்கோடு நிற்கவில்லை, இரவில் இழுப்பும் வந்தது. மூக்கு அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை கொடுத்தபோது தூக்கத்தில் அலறி எழுந்தான். உடனே டாக்டரிடம் சொல்லி மாற்றினோம். மனநிலையையும் தூக்கத்தையும் அது பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-லேயே கடுமையான எச்சரிக்கை விட்டிருக்கிறது. இப்போது மூக்குக்கு ஸ்பிரே, நெஞ்சுக்கு இன்ஹேலர். ஸ்டீராய்டு மருந்து பிள்ளைகளின் வளர்ச்சியைச் சற்றுக் குறைக்கலாம் என்பதால் மாதா மாதம் உயரம் அளந்து குறித்து வைக்கிறேன்.

கோத்தகிரி அக்கா, தூசிப்பூச்சி சேராமல் இருக்க மழைக்காலத்தில் கம்பளியை என்ன செய்கிறீர்கள்? இங்கே எதுவுமே காய்வதில்லை.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
ஸ்பிரேயும் மாத்திரையும் போதாதவர்களுக்கு அலர்ஜி ஊசி இருக்கிறது. லண்டனில் லெனர்ட் நூன் 1911-லேயே வெளியிட்ட முறை. அலர்ஜி தரும் பொருளையே துளித் துளியாகக் கூட்டிச் செலுத்தி உடம்பைப் பழக்குவார்கள். மூன்று முதல் ஐந்து வருடம் பொறுமை வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பார்கள். அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அதில் அவசரம் கூடாது. மலையிறங்கிப் போய்வரும் அலைச்சல் உண்டு. என் தங்கைக்குப் பலன் கிடைத்தது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கோத்தகிரி, ஆசிரியை:
கொடைக்கானல் தங்கச்சிக்கு: தூசிப்பூச்சி சாக 60 டிகிரி வெந்நீர் வேண்டும், கம்பளி அதைத் தாங்காது. பருத்தி உறை தைத்துப் போட்டு, உறையை மட்டும் வாரா வாரம் வெந்நீரில் துவைக்கிறேன். ஸ்பிரே அடிக்கும்போது தம்பி தலையைச் சற்றுக் குனிந்துகொள்ளட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சக் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும்.